கொக்காவில் அலையைச் செம்மலையில் பிடித்தது

எங்கள் வளவு முல்லைத்தீவுச் செம்மலையில். ரீவி ஒளிபரப்பும் கொக்காவில் கோபுரம் இங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. இடையில் குமுழமுனை வயல், அதற்கப்பால் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கத்துக் காடு. பாலையும் வீரையும் ஏ9 வீதி வரைக்கும் அடர்த்தியாக நிற்கின்றன. "இவ்வளவு தூரத்துக்கு வெறும் அன்ரனாவில வராது, டிஷ் பூட்டுங்கோ" என்று கேட்ட எல்லோரும் சொன்னார்கள். மாதாமாதம் காசு கட்டிப் பார்க்க அம்மாவுக்கு விருப்பமில்லை. அவருக்கு வேண்டியது இரவுத் தமிழ்ச் செய்தியும் கோயில் திருவிழா நேரடி ஒளிபரப்பும்தான். இரண்டும் காற்றில் சும்மா வருகிறவை.

இப்போது இரண்டு தமிழ் அலைவரிசைகள் சுத்தமாக வருகின்றன. திரையின் அடியில் ஓடும் எழுத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறார். நான் வைத்திருந்த அளவுகோலும் அதுதான். முகம் தெரிவது பெரிய காரியமல்ல, ஓடும் எழுத்து வாசிக்க வந்தால்தான் படம் வந்ததாகக் கணக்கு. இன்னும் சில அலைவரிசைகள் புள்ளியோடு வருகின்றன, அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேலை தொடங்க முதல் ஒரு சின்னக் கணக்குப் பார்த்தேன். கொக்காவிலில் முன்பு இருந்த ஒளிபரப்புக் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. இப்போதுள்ளது 2011 ஜூனில் திறந்த 174 மீற்றர்க் கோபுரம். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டக்கூடிய தொடுவானம் கிலோமீற்றரில் கிடைக்கும். கோபுரத்துக்கு 54, ஆறு மீற்றர் உயரக் கூரைக்கு 10, கூட்டினால் 64. நாங்கள் இருப்பது அதற்குள்ளே. ஆகவே பூமியின் வளைவு எங்களை மறைக்கவில்லை, மரங்கள்தான் மறைக்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நடந்ததெல்லாம் அந்த மரங்களோடு பட்ட பாடு.

கடையில் வாங்கிய மீன்முள் அன்ரனா ஒன்று ஏற்கெனவே முகட்டில் நின்றது. அதில் வந்த படம் ஆள் அசைவது மட்டும் தெரிகிற அளவு. ரீவிக்குப் பின்னால் சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்ரர் ஒன்று பூட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கூடியது, புள்ளியும் சேர்ந்து கூடியது. கேபிள் வழியே வந்து சேரும்போதே சத்தத்துக்குள் (திரையில் புள்ளியாகத் தெரியும் மின் இரைச்சல்) அமிழ்ந்துபோன சமிக்ஞையைக் கீழே வைத்துப் பெருக்கினால் சத்தமும் சேர்ந்தே பெருகும். பூஸ்ரர் பூட்டியும் சரிவரவில்லை என்று எங்கள் ஊரில் பலர் கைவிட்டது இந்த இடத்தில்தான். பூஸ்ரரில் பிழையில்லை, அது இருக்கவேண்டிய இடம் அன்ரனாவின் காலடி.

அடுத்தது கேபிள். முகட்டிலிருந்து இறங்கிய பழைய கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியிருக்கும் வலைக்கும் இடையே மல்ரிமீற்றர் வைத்தேன். இரண்டு முனையும் சும்மா இருக்கும்போது அங்கே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. முள் மெல்ல ஏறிச் சில ஆயிரம் ஓம்மில் நின்றது. மேல் முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலை உரித்தபோது உள்ளே வலை பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. வெட்டிக்கொண்டே போனேன், பத்தடி தாண்டியும் கறுப்புப் போகவில்லை. மேல் இணைப்பில் சுற்றியிருந்த ரேப் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. கடற்கரைக் காற்றின் உப்பும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. முழுவதையும் எறிந்துவிட்டு ஆர்.ஜி-6 என்ற ரீவிக் கேபிள் வாங்கினேன், மீற்றர் 110 ரூபாய்ப்படி 35 மீற்றர். நல்ல ஆர்.ஜி-6 கூட யு.எச்.எப் (இந்த ரீவி அலைகள் வரும் உயர் அலைவரிசைப் பகுதி) நடுப்பகுதியில் 30 மீற்றருக்கு ஐந்து டெசிபெல் அளவு தின்னும், அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். நனைந்த பழைய கேபிள் எவ்வளவு தின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புதுக் கேபிளோடு படம் தேறியது. ஆனால் எழுத்து வாசிக்க வரவில்லை. மீன்முள்ளை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது என்று தோன்றியதால், நான்கு தட்டு வண்ணத்துப்பூச்சி அன்ரனா ஒன்றைக் கையாலேயே கட்டினேன். யு.எச்.எப் முழுவதற்கும் பொதுவாக வேலை செய்யக்கூடியது, கட்டவும் சுகம்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீற்றர் நீளப் பலகை, செங்குத்தாக நிற்கும். அதில் நான்கு தட்டுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 23 சென்ரிமீற்றர். ஒவ்வொரு தட்டிலும் இடமும் வலமும் ஒவ்வொரு வி வடிவக் கம்பி. வியின் ஒரு கை 24 சென்ரிமீற்றர், விரிந்த முனைகளுக்கிடையே 8 சென்ரிமீற்றர். இடது வலது வரிசைகளுக்கிடையே 3 சென்ரிமீற்றர் இடைவெளி. கம்பி மூன்றரை மில்லிமீற்றர்ச் செம்பு. அலுமினியம் மலிவு, ஆனால் ஈயம் பற்றாது, திருகாணியின் அடியில் உப்புக் காற்று அதை அரித்துவிடும் என்பதால் செம்புக்குப் போனேன்.

தட்டுகளை இணைக்கும் கம்பியில்தான் கவனம் வேண்டும். மேலிருந்து ஒன்றாம் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையே இரண்டு கம்பிகளும் குறுக்கே மாறிப் போகவேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும் அப்படியே. நடுவில், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நேராகப் போகும், அந்த நேர்த்துண்டின் நடுவில்தான் கேபிளை அன்ரனாவோடு பொருத்தும் மட்சிங் பெட்டி. குறுக்கே போகும் இடத்தில் கம்பிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நான் ஒன்றின்மேல் பழைய வயரின் தோலைக் கழற்றி மாட்டினேன், மற்றதைச் சற்று வளைத்து ஒரு விரல் தூரம் விலக்கிவைத்தேன். குறுக்கே மாற்றாமல் நேராகக் கட்டினால் வெளித்தட்டு இரண்டும் உள்தட்டு இரண்டுக்கும் எதிராக வேலை செய்து, வந்ததையும் கெடுத்துவிடும்.

பின்னால் 10 சென்ரிமீற்றர் தள்ளிக் கோழிக்கூட்டு வலை, 95 சென்ரிமீற்றர் உயரம், 55 அகலம். ஒரு அங்குலக் கண் உள்ள வலை போதும், யு.எச்.எப் அலைக்கு அது மூடிய சுவர்தான். எங்கள் கூட்டில் மிஞ்சிய துண்டு கிடந்ததால் அதற்குச் செலவில்லை. அன்ரனாவின் 300 ஓமைக் கேபிளின் 75 ஓமுக்கு மாற்றும் மட்சிங் பெட்டி 250 ரூபாய். அதற்கு ஒரு சாண் கீழே கம்பத்தில் பூட்டும் பூஸ்ரர், அதற்கான மின்சாரப் பெட்டி ரீவியடியில் இருந்து அதே கேபிள் வழியாக 12 வோல்ட் ஏற்றும். பூஸ்ரரும் மின்சாரப் பெட்டியும் சேர்த்து 3,200.

இதை முகட்டுக் கம்பத்தில் ஏற்றியதும் பெரிய மாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஓரளவுதான், அதோடு படத்தின் வலப்பக்கம் நிழல்போல் இரண்டாவது படம் ஒன்று ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு மேற்கே பத்துப் பதினைந்து பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி) பக்கத்து வளவுப் பனந்தோப்பு, ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது அடி. அன்ரனா இருபது அடியில் நின்று அந்த வட்டுகளின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு குழாய் வாங்கி முகட்டிலேயே உயர்த்தலாம் என்று குழாய் விலையும் விசாரித்துவிட்டேன். காசு கொடுக்க முதல் ஒருமுறை வளவு முழுவதும் நடந்து பார்ப்போம் என்று தோன்றியது. இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் பலன் தந்தது அந்த நடைதான்.

பழைய ஏழு அங்குலக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று வீட்டில் கிடந்தது, 12 வோல்ட்டில் ஓடக்கூடியது. மின்சாரம் இல்லாத காலத்தில் ஊரில் எல்லோரும் பற்றரியில் பார்த்த வகை. அதையும் மோட்டார் சைக்கிள் பற்றரியையும் தள்ளுவண்டியில் வைத்தேன். அன்ரனாவைப் பதினைந்தடி மூங்கில் தடியில் கட்டி நான் தூக்கிப் பிடிக்க, மருமகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"இல்லை மாமா, புள்ளி... புள்ளி... கொஞ்சம் வந்திச்சுது, போட்டுது."

"எங்க வந்தது?"

"உந்த மாமரத்தடியில. இரண்டடி பின்னுக்குப் போங்கோ."

இரண்டடியில் படம் வருவதும் போவதும் உண்மையிலேயே நடந்தது. மரங்களில் பட்டுத் தெறித்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், ஓரிடத்தில் கழிக்கும். படம் தேறிய இடங்களில் எல்லாம் ஈர்க்குக் குத்திக்கொண்டே போனோம். வளவின் தென்கிழக்கு மூலையில், பழைய கிணற்றடிக்கு வந்ததும் பையன் கத்தினான்: "மாமா, அப்பிடியே நில்லுங்கோ! எழுத்துத் தெரியுது!" பதினைந்தடித் தடியில், பூஸ்ரர் இல்லாமல், முகட்டில் இருந்ததைவிட நல்ல படம்.

தடியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனிலுள்ள திசைகாட்டியைப் பார்த்தேன். கொக்காவில் எங்களுக்கு மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் சுமார் பத்துப் பாகை. கிணற்றடியிலிருந்து அந்தத் திசையில் பார்த்தால் தோப்பின் தெற்கு ஓரம் வருகிறது. அங்கே நிற்பவை மொட்டைப் பனைகள். கடைசிச் சண்டையில் செல் பட்டு வட்டு போனவை, வெறும் தண்டுகள் மட்டும் கறுத்து வரிசையாக நிற்கின்றன. உச்சியில் கிளி பொந்து வைத்திருக்கிறது. ஓலை இல்லாததால் தண்டுகளுக்கிடையே வானம் தெரிகிறது, அதற்கப்பால் வயல்வெளி. முகட்டிலிருந்து அதே திசையில் போகும் கோடு உயிரோடு நிற்கும் பனைகளின் பச்சை வட்டுகளுக்குள்ளால் போகிறது. முப்பது பாகம் தள்ளி வந்ததில் அன்ரனா ஓலையைத் தப்பி அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டது. காணிக்காரர் அந்த மொட்டைப் பனைகளைத் தறிக்க நினைத்திருந்தவர். ஏன் கேட்கிறேன் என்று சொன்னதும், "நிக்கட்டும் தம்பி, கிளியும் இருக்குது" என்றார்.

ஆகக் கம்பம் கிணற்றடியில். அங்கே சாய்த்துப் பிடிக்கச் சுவரோ முகடோ கிடையாது, முழுவதும் தனியாக நிற்கவேண்டும். கீழ்க்குழாய் பழைய குழாய்க்கிணற்றில் இழுத்த இரண்டு அங்குல இரும்புக்குழாய், இருபதடி. மேலே ஒன்றரை அங்குலக் குழாய் புதிதாக வாங்கினேன், 6,800 ரூபாய். மூன்றடி உள்ளே விட்டு, இரண்டு இடத்தில் துளைத்துப் போல்ட் போட்டதில் மொத்தம் 37 அடி, பதினொரு மீற்றர் சொச்சம்.

இவ்வளவு நீளத்தை ஏணி வைத்து ஏறிப் பூட்டுவது ஆபத்து. கிணற்றடியில் துலாவுக்கு நட்ட இரண்டு கொங்கிறீற்றுத் தூண்கள் இன்னும் உறுதியாக நின்றன. அவற்றுக்கிடையே குழாயின் அடியை ஒரு முக்கால் அங்குலப் போல்ட்டில் கோர்த்தேன். இப்போது துலாவைப்போலவே கம்பம் சாயும், நிமிரும். அன்ரனாவை நிலத்தில் நின்று பூட்டி, மூன்று பேர் சேர்ந்து கயிற்றில் இழுத்து நிமிர்த்தி, இரண்டாவது போல்ட்டைப் போட்டு இறுக்கினால் சரி. திருத்த வேலை வரும்போதெல்லாம் இதன் அருமை தெரிகிறது.

இழுவைக் கம்பிகள் மூன்று, முக்கோணமாக, இருபத்தைந்தடி உயரத்திலிருந்து. எங்கள் மண் மணல், முளை அடித்தால் ஒரு காற்றுக்கே வழுக்கி வந்துவிடும். மூன்றடி கிடங்கு வெட்டி, உரப்பைக்குள் சீமெந்தும் கல்லும் நிரப்பி, அதில் வளையம் புதைத்து மூடினேன். அதில் ஒன்றைத் தென்மேற்குப் பக்கம் வைத்தேன். சோழகம் மாதக்கணக்கில் அங்கிருந்துதான் அடிக்கும், அந்தக் கம்பிதான் முழுச் சுமையையும் தாங்கும். கம்பி, யூ போல்ட், இறுக்கும் திருகு எல்லாம் 2,750. சீமெந்து அரைப்பை ஆயிரம். செம்புக்கம்பி 1,650. மேலே சொன்ன கேபிள் 3,850. மட்சிங், பூஸ்ரர், குழாய் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 19,500 ரூபாய். பழைய குழாயும் துலாத்தூணும் இல்லாதவர்களுக்கு இன்னும் ஒரு பத்தாயிரம் கூடப் போகலாம்.

கம்பம் நிமிர்ந்து கேபிளைப் பூட்டியதும் அலைவரிசை தேடவிட்டோம். முதலாவதாக வந்த படத்தில் நிழலும் இல்லை, புள்ளியும் இல்லை. கைபேசியோடு வீட்டுக்கும் கிணற்றடிக்குமாக நின்று அன்ரனாவைத் திருப்பிப் பார்த்ததில், பத்துப் பாகை இப்படி அப்படிப் போனாலும் படம் பெரிதாக மாறவில்லை. இந்த அன்ரனாவின் பார்வை அகலம். மீன்முள்ளோடு ஒவ்வொரு காற்றுக்கும் திருப்பிக்கொண்டிருந்த தொல்லை அதோடு விட்டது.

மாரி தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. இரவு முழுக்க மழை பெய்து விட்ட காலையில் படம் மங்கிப்போய், வெயில் ஏறப் பத்து மணிபோல் தானாகத் திரும்பும். காட்டு இலையெல்லாம் நனைந்தால் அலை குறைவது உண்மை, அதனால் கொஞ்சம் மங்கலாம். ஆனால் வயலும் காடும் நனைந்தே கிடந்த ஒரு நாளில், இங்கே மட்டும் வெயில் பட்டதும் படம் திரும்பிவிட்டது. காரணம் கம்பத்திலேயே இருக்கிறது என்று கம்பத்தைச் சாய்த்துப் பார்த்தேன். நான் போட்டது மாம்பலகை. தண்ணீர் குடித்து ஊறி, திருகாணிகளைச் சுற்றி உப்புப் பூத்துக் கிடந்தது. மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கம்பி வரிசைகளை ஈரப் பலகையே இணைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முல்லைத்தீவில் மரக்கறி வெட்டும் தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகை இரண்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, பின்னால் ஒரு பி.வி.சி குழாயில் பூட்டி, கம்பிகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். திருகாணிகளும் துருப்பிடிக்காதவை. அதன்பின் மழைக்காலையில் மங்குவது கொஞ்சம்தான், எழுத்து போவதில்லை. மேல் இணைப்புகளை முதலில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப்பால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு ரேப் சுற்றினேன். கேபிள் பூஸ்ரரிலிருந்து நேரே இறங்காமல் ஒரு வளையம் போட்டு இறங்குகிறது, தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும்.

இடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இங்கே கடுமை. கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செம்புக்கம்பி ஒன்று ஆறடி செம்புக்கோலுக்குப் போகிறது. கிணற்றடி என்பதால் மண் எப்போதும் ஈரம், அது நல்லது. மின்சாரசபை வேலை செய்கிற உறவுக்காரர் ஒருவர் கழிந்த கோலும் கம்பியும் கொண்டுவந்து தந்ததால் கணக்கில் அது இல்லை. ஆனாலும் வானம் கறுத்தால் ரீவியிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுகிறோம். கோல் இருக்கிறதென்று நம்பிச் சும்மா இருக்கவேண்டாம்.

இன்னொன்று, காற்று விழுந்த வெக்கை இரவுகளில் சில அலைவரிசைகளில் குறுக்குக் கோடுகள் ஓடுகின்றன. கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு தட்டாகப் படிந்தால் அலை அதற்குக் கீழே அடைபட்டு மிகத் தூரம் போகும். எங்கோ தூரத்தில் அதே அலைவரிசையில் இருக்கும் நிலையம் வந்து மோதுகிறது. அன்ரனா வேலையில் பிழை வந்துவிட்டதென்று நினைத்துக் கம்பத்தைச் சாய்க்கவேண்டாம், விடிய அது போய்விடும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் உயரக் கம்பம் நட்டுத் தூரதர்ஷன் பார்த்த ஆட்களுக்கு இது பழகிய விஷயம். மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு, பிறகு இராமேஸ்வரத்தில் எழுந்த 323 மீற்றர்க் கோபுரம் கடலுக்கு நேரே நின்றதால் இன்னும் வசதி. தூரதர்ஷன் அனலொக் ஒளிபரப்பை 2022 மார்ச்சோடு பெரும்பாலும் நிறுத்திவிட்டதால் அந்தப் பக்கம் அன்ரனா திருப்பி இப்போது பலனில்லை.

எங்கள் நாட்டிலும் டிஜிட்டலுக்கு மாறுவதாக 2014இல் ஜப்பான் முறையைத் தெரிவு செய்தார்கள். மாறினாலும் யு.எச்.எப்பில் வருமட்டும் இந்த அன்ரனாவும் கேபிளும் அப்படியே உதவும், ரீவியடியில் ஒரு பெட்டிதான் கூட வேண்டும். ஆனால் டிஜிட்டலில் புள்ளியோடு பார்க்கிற வேலை இல்லை, போதாவிட்டால் ஒன்றுமே வராது. அதனால் புள்ளியோடு வரும் மற்ற அலைவரிசைகளையும் இப்போதே தேற்றிவைக்க விருப்பம். இதே அளவில் இன்னொரு அன்ரனா கட்டி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒன்றாக இணைப்பதுதான் அடுத்த வேலை. இரண்டிலிருந்தும் இணைக்கும் பெட்டிக்குப் போகும் கேபிள்கள் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பதால் இரண்டு ஒன்றரை மீற்றர்த் துண்டுகளை இப்போதே சேர்த்து வெட்டிவைத்திருக்கிறேன். மேல்குழாயை ஒன்றரை அங்குலத்துக்குப் பதில் ஒன்றே முக்காலாக எடுத்திருக்கலாம், சோழகத்தில் நுனி ஆடுகிறது. இரட்டை அன்ரனாவின் வலை இன்னும் காற்றுப் பிடிக்கும், அதற்கு முதல் முப்பத்தைந்தடியில் இரண்டாவது இழுவை வரிசை ஒன்றும் போடவேண்டும்.

அளம்பிலில் இருந்து ஒரு அண்ணை வந்து அளவுகளை எழுதிக்கொண்டு போனார். அவர் வளவில் பனையில்லை, சுற்றிவரத் தென்னை. பலகை அளவும் கம்பி அளவும் கொடுத்ததோடு அந்த ஏழு அங்குல ரீவியையும் பற்றரியையும் கொடுத்துவிட்டேன். குழாய் வாங்குவதை வளவு நடந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.